ஏழு லைப்ரரி, ஏழு வெர்ஷன்: எது எதோடு சேரும் என்பதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

லாடாங்_கோடு | சுங்கை சிப்புட், பேராக்

வணக்கம். செம்பனைத் தோட்டங்களுக்கான சம்பள மென்பொருள் இது. டைப்ஸ்கிரிப்டில் எழுதியது, லைப்ரரிகளை இறக்க என்பிஎம், அவற்றை வெளியிட்டு வைக்க சொந்தமாக வெர்டாச்சியோ ரெஜிஸ்ட்ரி. பொது வேலைகள் ஏழு லைப்ரரியாகப் பிரிந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனி கிட் களஞ்சியத்தில்:

காசு 2.0.0 (ரிங்கிட், சென் கணக்கு)
நாள் 1.2.0 (பொது விடுமுறை, ஓய்வு நாள்)
பெரட்டு 2.1.4 (காலை வருகைப் பதிவு)
குலை 2.6.0 (வெட்டிய குலை, உதிரிப் பழம், எடை)
கூலி 3.4.0 (நாள் கூலி, குலைக் கூலி, ஓவர்டைம்)
பிடித்தம் 0.8.0 (இபிஎஃப் சேமநிதி, சொக்சோ சமூகப் பாதுகாப்பு, இஐஎஸ் வேலைக் காப்புறுதி)
சீட்டு 1.1.8 (சம்பளச் சீட்டு)

இவற்றின் மேல் மூன்று ஆப்: ஆபீஸில் கெராணிகளுக்கான (எழுத்தர்கள்) வெப் ஆப், மண்டோர் (மேற்பார்வையாளர்) கையிலுள்ள ஆண்ட்ராய்டு ஆப், செர்வர்.

இப்போது இரண்டு கோளாறு. ஒன்று: காசு 2.0.0 பப்ளிஷ் ஆனதும் கூலி அதற்கு மாறியது. அதிலிருந்து சீட்டு அச்சடிக்கும்போது "இது காசு அல்ல" என்று பிழை வருகிறது. வந்த பொருளைக் கன்சோலில் பார்த்தால் சரியான காசுதான். இரண்டு: பிடித்தம் 0.8.0-இல் ஒரு திருத்தம் போனது. என்பிஎம் அப்டேட் கொடுத்தாலும் எந்த ஆப்பும் அதை எடுக்கவில்லை, 0.7.5-இலேயே நிற்கிறது.

இதைச் சரி செய்வதோடு, ஏழுக்கும் ஒரே எண் கொடுப்பதா, தனித்தனியே விடுவதா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். எந்த சீட்டு எந்தக் கூலியோடு ஓடும் என்பது இப்போது ஒரு எக்செல் தாளில் இருக்கிறது. அது எப்போதும் ஒரு வாரம் பின்தங்கியே இருக்கிறது.

---

ஈப்போ_பில்ட்

தம்பி, இரண்டாவது கோளாறை முதலில் முடித்துவிடுவோம், அது சின்னது. ஆப்பில் பிடித்தம் ^0.7.5 என்று இருக்கும். மூன்று எண்ணில் முதலாவது மேஜர், அடுத்தவை மைனர், பேட்ச். மேஜர் எண் பூஜ்யமாக இருந்தால் ^ குறி மைனரைத் தாண்டாது: 0.7.5-இலிருந்து 0.8.0-க்குக் கீழே வரை மட்டும். ^0.0.3 என்று இருந்தால் 0.0.4-ஐக்கூட எடுக்காது. 0.7-இலிருந்து 0.8 என்பது செம்வெர் (வெர்ஷன் எண் இடும் பொது விதி) கணக்கில் உடைக்கும் மாற்றம், என்பிஎம் அதைத்தான் மதிக்கிறது. ஆட்களுக்குச் சம்பளம் போடும் லைப்ரரி 0.x-இல் இருக்கவே கூடாது. புரொடக்‌ஷனில் ஓடுகிறதென்றால் அது 1.0.0 ஆகியிருக்க வேண்டும்.

இப்போது பெரியது. வெப் ஆப் ஃபோல்டரில் «என்பிஎம் எல்எஸ் காசு» ஓட்டிப் பாருங்கள். இப்படி வரும்:

வெப்ஆப்
├ கூலி 3.4.0
│ └ காசு 2.0.0
└ சீட்டு 1.1.8
  └ காசு 1.9.2

ஒரே ஆப்புக்குள் இரண்டு காசு. சீட்டு இன்னும் ^1.9.0 கேட்கிறது, கூலி ^2.0.0 கேட்கிறது. இரண்டுக்கும் பொதுவான எண் இல்லாததால் என்பிஎம் இரண்டையும் இறக்கிவிட்டது. பிழை ஏதும் காட்டாது, ஏனென்றால் அதன் கணக்கில் இது தவறே இல்லை. இரண்டு பிரதியிலும் "காசு" என்ற கிளாஸ் இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை வேறு வேறு கிளாஸ். கூலி உருவாக்கிய பொருளை சீட்டு தன்னுடைய காசோடு இன்ஸ்டன்ஸ்ஆஃப் (இந்தப் பொருள் இந்த கிளாஸைச் சேர்ந்ததா என்ற சோதனை) வைத்துப் பார்த்தால் 'இல்லை' என்றுதான் வரும். இரட்டைப் பிரதிகளை ஒன்றாக்கும் «என்பிஎம் டீடியூப்» இங்கே உதவாது; எல்லைகள் ஒன்றோடொன்று சேரும்போதுதான் அதனால் ஒன்றாக்க முடியும்.

இணையத்தில் தேடினால் இன்ஸ்டன்ஸ்ஆஃப்-ஐ எடுத்துவிட்டு சிம்பல்.ஃபார் அடையாளம் வைக்கச் சொல்வார்கள். சிம்பல்.ஃபார் எல்லாப் பிரதிக்கும் பொது, ஆகவே பிழை மறைந்துவிடும். அதைச் செய்யும் முன் ஒரு கேள்வி: 1.9-க்கும் 2.0-க்கும் நடுவே உள்ளே என்ன மாறியது?

---

லாடாங்_கோடு

1.9 ரிங்கிட்டைத் தசமமாக வைத்திருந்தது. 2.0 சென் கணக்கை முழு எண்ணாக வைத்திருக்கிறது, அண்ணே.

---

ஈப்போ_பில்ட்

அப்படியென்றால் அந்தப் பிழைச் செய்தி உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. 1,700 ரிங்கிட் என்பது 2.0-க்குள் 170000. அதை 1.9 படித்தால் சீட்டில் RM170,000.00 என்று அச்சாகும். மாறாக 1.9 உருவாக்கிய 1700-ஐ 2.0 படித்தால் RM17.00. சிம்பல்.ஃபார் போட்டு வாயை அடைத்திருந்தால் இரண்டில் ஒன்று எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு தொழிலாளி கைக்குப் போயிருக்கும். அடையாளம் வைத்தே ஆக வேண்டும் என்றால் அதன் பெயருக்குள் மேஜர் எண்ணையும் சேருங்கள்: "காசு/2". அப்போது ஒரே மேஜருக்குள் இரண்டு பிரதி இருந்தாலும் ஓடும், மேஜர் மாறினால் நிற்கும்.

சரியான வைத்தியம் வேறு. காசும் நாளும் ஆப் முழுக்க ஒரே ஒரு பிரதி இருக்க வேண்டிய லைப்ரரிகள். மற்ற ஐந்தும் அவற்றை டிபென்டென்சியாக (தானே கூடக் கொண்டுவரும் லைப்ரரியாக) கேட்கக் கூடாது, பியர் டிபென்டென்சியாகக் கேட்க வேண்டும். "என்னோடு ஓட காசு ^2.0.0 வேண்டும், அதைக் கொண்டு வருவது ஆப்பின் பொறுப்பு" என்று சொல்வது அது. டெஸ்ட் ஓடுவதற்காக அதே காசை டெவ் டிபென்டென்சியிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

என்பிஎம் 7-இலிருந்து பியர் தானாகவே இறங்கும்; ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இன்ஸ்டால் ஈரிசால்வ் பிழையோடு நின்றுவிடும். நிற்பதுதான் வேண்டும். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் லெகஸி-பியர்-டெப்ஸ் என்ற, முரண்பாட்டைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் கொடியைப் போட்டு இன்ஸ்டாலை முடித்துவிடுவார். பில்ட் ஸ்கிரிப்டிலும் .என்பிஎம்ஆர்சி ஃபைலிலும் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடி எடுத்துவிடுங்கள். அது இருக்கும் வரை மேலே சொன்னதற்கெல்லாம் பயனில்லை.

---

மூணாவது_டிவிஷன் | கோலா சிலாங்கூர்

ஒரே எண்ணா, தனி எண்ணா என்பதற்கு என் பதில்: ஒரே எண். ஏழும் எழுதுவது ஒரே குழு, பயன்படுத்துவது அதே மூன்று ஆப். தனி எண்ணால் வரும் சுதந்திரம் இங்கே யாருக்கும் தேவையில்லை. எக்செல் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு "எல்லாம் 4.1.0" என்று ஒரு வரியில் சொல்லலாம்.

பெரிய திட்டங்களில் இரண்டு வழியும் உண்டு. கூகுளின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஆங்குலர் தன் முக்கியப் பேக்கேஜ்களை ஒரே எண்ணில் வைக்கிறது. அவர்கள் 2-இலிருந்து நேராக 4-க்குப் போனதற்குக் காரணமே இதுதான்: மற்றவை 2.x-இல் இருந்தபோது ரவுட்டர் மட்டும் 3.x-க்குப் போயிருந்தது. எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர 3-ஐ விட்டுவிட்டு 2017 மார்ச்சில் 4 வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு எதிர்த்திசையில் போனது. பழைய சப்போர்ட் லைப்ரரிகள் 28.0.0 வரை ஒன்றாகவே நடந்தன. 2018-இல் ஆண்ட்ராய்டுஎக்ஸ் வந்தபோது ஒவ்வொன்றும் தனியே 1.0.0-இலிருந்து தொடங்கியது. அப்படிப் பிரிந்த பிறகு, திரை வரையும் கம்போஸ் லைப்ரரிகளில் எது எதோடு சேரும் என்று சொல்ல 'பாம்' என்றொரு பட்டியல் பேக்கேஜ் தேவைப்பட்டது. உங்கள் எக்செல் தாள் செய்யும் வேலைதான் அது, மெஷின் படிக்கும் வடிவில். நூற்றுக்கணக்கில் லைப்ரரி இருந்தால் அந்த வழி நியாயம். ஏழுக்கு வேண்டாம்.

செய்ய வேண்டியது:

ஏழு கிட் களஞ்சியத்தையும் ஒன்றாக்குங்கள், பிஎன்பிஎம் (என்பிஎம் போன்ற இன்னொரு கருவி) வொர்க்ஸ்பேஸில். உள் டிபென்டென்சிகளை "வொர்க்ஸ்பேஸ்:^" என்று எழுதினால், பிஎன்பிஎம் பப்ளிஷ் செய்யும்போது அது உண்மையான எண்ணாக (^4.1.0 என்று) மாறிவிடும். "வொர்க்ஸ்பேஸ்:*" என்று எழுதினால் ^ இல்லாமல் 4.1.0 என்று இறுகிப் போகும். அப்புறம் ஒரு பேட்ச் விட்டாலும் ஏழையும் சேர்த்து அப்டேட் செய்தால்தான் ஆயிற்று.

எண் ஏற்றுவதற்கு சேஞ்ச்செட்ஸ் என்ற கருவி. ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு சிறு மார்க்டவுன் ஃபைல்: எந்தப் பேக்கேஜ், மேஜரா மைனரா பேட்ச்சா, என்ன மாறியது. கான்ஃபிக்கில் ஏழையும் "ஃபிக்ஸ்ட்" குழுவில் போடுங்கள். பக்கத்திலேயே "லிங்க்ட்" என்று இன்னொன்று இருக்கும், குழம்ப வேண்டாம். ஃபிக்ஸ்ட் என்றால் ஒன்று மாறினாலும் எல்லாம் சேர்ந்து வெளிவரும். லிங்க்ட் என்றால் மாறியவை மட்டும் வெளிவரும், வரும்போது குழுவின் உயர்ந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும். மாறாதவை பழைய எண்ணிலேயே நிற்கும். லிங்க்ட் போட்டால் எக்செல் தாள் திரும்பி வந்துவிடும்.

ஒரு பொறி இருக்கிறது, அண்ணன் சொன்ன பியர் டிபென்டென்சியோடு சேர்ந்தே வரும். காசில் ஒரு புதிய ஃபங்க்‌ஷன் சேர்த்து மைனர் என்று எழுதுகிறீர்கள். காசைப் பியராக வைத்திருக்கும் கூலியையும் சீட்டையும் சேஞ்ச்செட்ஸ் தானாகவே மேஜர் ஏற்றும். ஃபிக்ஸ்ட் குழுவில் ஒன்று மேஜர் போனால் ஏழும் மேஜர். ஒரு சின்னச் சேர்க்கைக்கு 4.1.0 வர வேண்டிய இடத்தில் 5.0.0 வந்து நிற்கும். பியர் எல்லையைத் தாண்டினால் மட்டும் ஏற்று என்று சொல்ல "ஒன்லிஅப்டேட்பியர்டிபென்டென்ட்ஸ்வென்அவுட்ஆஃப்ரேஞ்ச்" என்ற அமைப்பு இருக்கிறது. அது சோதனை அமைப்புகளின் கீழ் இருப்பதால் சேஞ்ச்செட்ஸின் வெர்ஷனையே இறுக்கிப் பூட்டிவிட்டுப் போடுங்கள்.

---

லாடாங்_கோடு

நன்றி அண்ணே, நன்றி மூணாவது டிவிஷன். பிடித்தம் மட்டும் இடிக்கிறது. அதில் கோட் மாறுவதைவிட விகிதம் மாறுவதுதான் அதிகம். ஃபங்க்‌ஷன் அப்படியே இருக்கிறது, விடை மாறுகிறது. அது பேட்ச்சா, மைனரா?

---

கெராணி_அக்கா | தெலுக் இந்தான்

தம்பி, பிடித்தத்தை இரண்டாக உடைத்துவிடுங்கள். கணக்குப் போடும் கோட் ஒரு பேக்கேஜ், விகித அட்டவணை இன்னொரு பேக்கேஜ். கோட் அந்த ஏழோடு ஒரே எண்ணில் நடக்கட்டும். அட்டவணை குழுவுக்கு வெளியே தனியாக நடக்க வேண்டும், ஏனென்றால் அது மாறும் நாளை நாம் தீர்மானிப்பதில்லை.

அண்மைக் காலத்தில் என்னென்ன வந்தன என்று பாருங்கள். 2024 அக்டோபரில் சொக்சோ சம்பள வரம்பு 5,000-இலிருந்து 6,000 ரிங்கிட்டானது. 2025 பிப்ரவரி 1-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700, ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு ஆகஸ்ட் 1-இலிருந்துதான். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப், இரு தரப்பும் 2 விழுக்காடு. தோட்டத்தில் வெட்டுக்காரர்களில் எத்தனை பேர் வெளிநாட்டவர் என்று உங்களுக்கே தெரியும். நான்கு தேதி, நான்கும் வேறு வேறு விதம்.

ஆகவே முதல் விதி: அட்டவணையில் எந்த வரியையும் திருத்தாதீர்கள், அழிக்காதீர்கள். "இந்தத் தேதியிலிருந்து" என்ற பத்தியோடு புது வரி மட்டும் சேருங்கள். கணக்கு எப்போதும் சம்பள மாதத்தைக் கேட்டு வரியைத் தேட வேண்டும், இன்றைய தேதியைக் கேட்டு அல்ல. நவம்பரில் உட்கார்ந்து செப்டம்பர் நிலுவையைத் திரும்பப் போட்டால் செப்டம்பர் விகிதம்தான் வர வேண்டும். இந்த விதி இருந்தால் புது வரி சேர்ப்பது வெறும் சேர்க்கை: மைனர். பழைய மாதத்தின் விடை எதுவும் மாறாது என்ற உறுதியைத்தான் அந்த எண் தருகிறது.

பழைய மாதத்தின் விடை மாறினால் அது வேறு கதை. உங்கள் 0.8.0 திருத்தம் எதுவென்று சொல்லவில்லை, ஆனால் இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. இபிஎஃப் என்றதும் சம்பளத்தை 11 விழுக்காட்டால் பெருக்கிவிடுகிறார்கள். இபிஎஃப் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைதான் கணக்கு: 5,000 ரிங்கிட் வரை 20 ரிங்கிட் படி, படியின் மேல் எல்லைக்கு விகிதம் போட்டு அடுத்த முழு ரிங்கிட்டுக்கு ஏற்ற வேண்டும். 1,700 என்றால் தொழிலாளி பங்கு 187, முதலாளி 13 விழுக்காட்டில் 221. 1,701 ஆனால் படி 1,720-க்குப் போய்விடும்: தொழிலாளி 190, முதலாளி 224. வெறுமனே பெருக்கினால் 187.11 வரும். பெருக்கலை அட்டவணையாக மாற்றுவது பார்வைக்குப் பிழைத் திருத்தம்தான், ஆனால் பேட்ச் என்று விடாதீர்கள். பேட்ச் என்றால் யாரும் படிக்காமல் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் எல்லார் சீட்டிலும் நிகரச் சம்பளம் சில ரிங்கிட் நகர்ந்திருக்கும். மேஜர் ஏற்றி, எந்த மாதத்திலிருந்து புதுக் கணக்கு என்று குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அட்டவணைப் பேக்கேஜுக்குத் தேதியையே எண்ணாக வைக்கலாம் என்று தோன்றும். வைத்தால் இரண்டு இடத்தில் தடுக்கும். செம்வெரில் முன்பூஜ்யம் கூடாது, 2025.02.0 செல்லாது, 2025.2.0 என்றுதான் எழுத வேண்டும். அடுத்தது, ^2025.10.0 என்று வைத்த ஆப் 2026.1.0-ஐ எடுக்காது, வருடம் மேஜர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதே. ஜனவரி விகிதம் வர வேண்டிய நேரத்தில் வராது. நான் 1.14.0, 1.15.0 என்றே போகச் சொல்வேன். "எந்த மாதம் வரை விகிதம் தெரியும்" என்பதைப் பேக்கேஜுக்குள் ஒரு மதிப்பாக வையுங்கள்.

---

ஈப்போ_பில்ட்

அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஒன்று சேர்க்கிறேன்: மண்டோர் ஃபோன். தோட்டத்துக்குள் லைன் கிடைக்காது, பெரட்டும் குலை எண்ணிக்கையும் ஃபோனிலேயே தங்கி, ஆபீஸ் பக்கம் வந்ததும்தான் செர்வருக்கு ஏறும். செர்வர் 4.1.0-இல் இருக்கும், ஃபோன் இன்னும் பழைய பெரட்டில் இருக்கும். பேக்கேஜ் எண்ணை வைத்து இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அனுப்பும் ஒவ்வொரு பதிவிலும் "வடிவம்: 3" என்று தனி முழு எண் ஒன்று போகட்டும். பதிவின் அமைப்பு மாறினால் மட்டும் அது ஏறும். பேக்கேஜ் நான்கு மேஜர் கடந்திருக்கலாம், வடிவம் 3-இலேயே இருக்கலாம்.

செர்வர் எப்போதும் இரண்டு வடிவத்தைப் படிக்க வேண்டும், புதியதும் அதற்கு முந்தியதும். முந்தியதை எப்போது கைவிடலாம்? 1955 வேலைச் சட்டப்படி சம்பள மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மாதக் கடைசியில் ஏறாத ஃபோன் 5-ஆம் தேதி வந்து ஏறும். 1-ஆம் தேதி கதவைச் சாத்தினால் அந்த ஆளின் வருகை காணாமல் போகும். ஆகவே முழுச் சம்பள மாதம் ஒன்று தாண்டி, 8-ஆம் தேதிக்குப் பிறகு. தெரியாத வடிவம் வந்தால் பதிவைத் தள்ளிவிடாமல் அப்படியே ஓரமாகச் சேமித்து வையுங்கள்.

---

லாடாங்_கோடு

புரிகிறது. இப்போதிருக்கும் எண்களிலிருந்து எப்படி மாறுவது? எல்லாவற்றையும் 1.0.0 ஆக்கிவிடலாமா?

---

மூணாவது_டிவிஷன்

பின்னோக்கிப் போகாதீர்கள். கூலி ஏற்கெனவே 3.4.0, புதிதாக 1.0.0 விட்டாலும் செம்வெர் கணக்கில் அது பழையதுதான். இருப்பதிலேயே உயர்ந்த மேஜர் 3, ஆக எல்லாம் 4.0.0. விகித அட்டவணை மட்டும் புதுப் பெயரில் 1.0.0.

4.0.0-இல் எண்ணையும் பியர் டிபென்டென்சியையும் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள். ஏதாவது உடைந்தால் காரணம் இந்த இரண்டில் ஒன்று என்று தெரிய வேண்டும்.

வொர்க்ஸ்பேஸுக்குள் டெஸ்ட் பாஸ் ஆவதை நம்ப வேண்டாம். அங்கே எல்லாரும் ஒரே காசு ஃபோல்டரைத்தான் தொடுகிறார்கள். இரட்டைப் பிரதிக் கோளாறு அங்கே தோன்றவே தோன்றாது. «பிஎன்பிஎம் பேக்» போட்டு ஏழு டார் ஃபைலையும் ஒரு வெறும் ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்து, ஒரே ஒரு சீட்டு அச்சடித்து, «என்பிஎம் எல்எஸ் காசு» ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பில்ட் மெஷின் ஒவ்வொரு முறையும் பார்க்கட்டும்.

பப்ளிஷ் பாதியில் அறுந்தால் நான்கு பேக்கேஜ் புதிதாகவும் மூன்று பழையதாகவும் நிற்கும். அதற்காக முதலில் எல்லாவற்றையும் "நெக்ஸ்ட்" டேக்கில் (எண்ணுக்கு ரெஜிஸ்ட்ரியில் ஒட்டும் பெயர்) ஏற்றுங்கள். ஏழும் ஏறிய பிறகு «என்பிஎம் டிஸ்ட்-டேக் ஆட்» கொடுத்து "லேட்டஸ்ட்"டை நகர்த்துங்கள். கேட்ட எல்லைக்குள் லேட்டஸ்ட் இருந்தால் என்பிஎம் அதையே எடுக்கும், நெக்ஸ்டிலிருக்கும் உயர்ந்த எண்ணுக்குத் தாவாது.

தவறாகப் போன எண்ணை அழித்துவிட்டு அதே எண்ணில் திரும்பப் போடாதீர்கள். பொது என்பிஎம்மில் அது முடியவே முடியாது. வெர்டாச்சியோவில் முடியும், ஆனால் ஏற்கெனவே எடுத்தவர்களின் லாக் ஃபைலில் (எது இறங்கியது என்ற பதிவு) பழைய ஃபைலின் ஹாஷ், அதாவது அதன் கைரேகை, இருக்கிறது. «என்பிஎம் சிஐ» இன்டெக்ரிட்டி பிழையில் நிற்கும். 4.0.1 விடுங்கள், எண்ணுக்குப் பஞ்சமில்லை. பழைய 1.x, 2.x, 3.x எல்லாவற்றுக்கும் «என்பிஎம் டெப்ரிகேட்» செய்தி வைத்தால் போதும்.

---

கெராணி_அக்கா

கடைசியாக ஒன்று, தம்பி. சம்பளச் சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு எண் அச்சாகட்டும்: "4.0.0 / 1.15.0", முதலாவது லைப்ரரிக் குழு, இரண்டாவது விகித அட்டவணை. பேக்கேஜ் ஜேசனிலிருந்து எடுக்காதீர்கள், அதில் கேட்ட எல்லைதான் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் லைப்ரரியே தன் எண்ணைச் சொல்லும்படி பில்டில் எழுதிவிடுங்கள். கெராணி ஃபோனில் கூப்பிட்டு "இந்த ஆளுக்கு இபிஎஃப் 3 ரிங்கிட் கூட வருகிறது" என்றால், சீட்டின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னாலே எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.